என் மகன் பேரை எழுதிய கை

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஏறி என் மகன் செத்துப்போனான். சாட்சி இல்லையென்று டிரைவரைக் கோர்ட்டு விட்டுவிட்டது. அன்றிலிருந்து ராயபுரம் கோயிலில் நான் கேட்டது ஒன்றுதான்: "ஆண்டவரே, ஸ்டியரிங் புடிச்ச அந்தக் கை வெளங்காமப் போவணும்."

கல்லறைத் திருநாள் வந்தால் எல்லோரும் கல்லறைக்கு வெள்ளையடிப்போம். என் மகனுடையதை மட்டும் நான் போவதற்குள் யாரோ அடித்திருப்பார்கள். எங்கள் தெருவில் கூடி ஜெபம் சொல்லும் அன்பியத்துக்காரர்கள் என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் கொஞ்சம் முன்னாடியே போனேன். கோர்ட்டில் பார்த்த அதே டிரைவர், முட்டி போட்டு, சிலுவையில் கறுப்பு பெயின்டால் என் மகன் பேரை எழுதிக்கொண்டிருந்தான்.

"இங்க இன்னாடா வேலை உனக்கு?" என்று கத்தினேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. "கோர்ட்டு வுட்ருச்சும்மா. உங்க புள்ள வுட மாட்டேன்றான். ஸ்டியரிங்க தொட்டாலே கை நடுங்குது. வண்டி ஓட்டறதையே வுட்டுட்டேன்."

சிலுவையைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு கிடந்தது. நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்துத்தான் இருக்கிறார். ஆனால் என் வயிறு குளிரவில்லை.

பிரஷ்ஷைப் பிடுங்கத் தோன்றியது. பிடுங்கவில்லை. மிச்ச எழுத்தை அவனே முடிக்கும்வரை நின்றிருந்தேன்.

அவனை மன்னிக்க இன்னும் மனசு வரவில்லை. கோயிலுக்குப் போகிறேன், உட்காருகிறேன். அந்தக் கையைப் பற்றி மட்டும் ஆண்டவரிடம் இப்போது எதுவும் சொல்வதில்லை.