இரண்டு விரல் உயரம்

என் பெரியப்பா கார் சீட் தைப்பவர். மெக்கானிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கடைசியில், ஒரே ஒரு கார் நுழையக்கூடிய இடம் அவருடையது. ரெக்சின் சுருள்கள், பஞ்சுத் துகள், பசை வாசனை. ஊரில் ஓடும் கார்களில் பாதிக்கு அவர்தான் சீட் தைத்திருப்பார். அவர் பஸ்ஸில் போவார்.

பெரியம்மாவுக்கு முட்டி தேய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போய்வர வேண்டும். ஒருநாள் அவர் படியேறுவதற்குள் கண்டக்டர் கத்திவிட்டார்: "சீக்கிரம் ஏறும்மா, பொழுது விடிஞ்சிடும்!" பின்னால் நின்றிருந்த பெரியப்பா அன்று சாயங்காலமே பேச்செடுத்தார். கடன் வாங்கிப் பழைய கார் ஒன்று வாங்கிவிட்டால் என்ன? அதுவரை நூல்கண்டைக்கூடக் கடனுக்கு வாங்காதவர்.

"விரலுக்கேத்த வீக்கம் வேணுங்க," என்றார் பெரியம்மா.

"வீங்கியிருக்கிறது உன் முட்டிடி."

"முட்டிக்குத் தைலம் இருக்கு. கடனுக்கு எதைத் தேய்ப்பீங்க?"

பெரியப்பா வாங்கலாம் என்பார். மறுநாள் காலையில் வேண்டாம் என்பார். தவணை தவறினால் கடை போய்விடுமே என்று பயம். கடைசியில் வங்கியில் கேட்டார், தருகிறோம் என்றார்கள். கையெழுத்துதான் பாக்கி.

புரோக்கர் ஒரு காரைக் காட்டினார். மற்றவர்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். பெரியப்பா பின்கதவைத் திறந்து மண்டியிட்டார். சீட்டை உள்ளங்கையால் அழுத்தி, டேப் வைத்து அளந்தார். பெரியம்மா சிரமமில்லாமல் எழுந்திருக்க இன்னும் இரண்டு விரல் உயரம் வேண்டும்.

"இதைத் தூக்கித் தைச்சிட்டுத்தான் கையெழுத்து."

"அண்ணே, புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வைக்கிறீங்களே," என்று சிரித்தார் புரோக்கர்.

"உட்கார முடியாத வண்டிக்கு எதுக்குய்யா கடன்?"

புரோக்கர் சீட்டைக் கழற்றிக் கொடுத்தார். பெரியப்பா பிரித்தார், பஞ்சு வைத்தார், தைத்தார், மனம் ஒப்பாமல் மறுபடி பிரித்தார். சீட் வேலை முடியாதவரை கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அந்த நிம்மதியும் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்த வேலையில் அவர் மூழ்கிக் கிடந்ததால் பெரியம்மா ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். திரும்பி வந்து இறங்கும்போது, கால் தரையில் படுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. இதயம் பலவீனம், ஆபரேஷன் தாங்காது, இனிப் படுக்கைதான் என்றார்கள் டாக்டர்கள்.

பெரியப்பா வங்கிக்குப் போய்க் கடன் வேண்டாம் என்றார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"இப்பத்தானே கார் ரொம்ப அவசியம்?" என்று அதிகாரி அக்கறையோடுதான் கேட்டார்.

"அவளால இனிமே உட்கார முடியாது சார்."

வீட்டில் பெரியம்மா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"வேண்டாம்னுட்டீங்களா?"

"ம்."

"ஆமா, அந்த வண்டி என்ன கலருங்க? சொல்லவே இல்லையே."

அந்தச் சீட்டின் ஒவ்வொரு தையலும் பெரியப்பாவுக்குத் தெரியும். வண்டியின் நிறத்தை அவர் கவனித்திருக்கவில்லை.

"வெள்ளை," என்றார்.

"வெள்ளையா? நல்லவேளை, வாங்கல. நாள் பூரா தொடைச்சிக்கிட்டே கிடந்திருப்பீங்க."