ஆயர் வெரின் ஏறிய படகு

இது நடந்தது. துல்னேக்குக் கதை கட்டத் தெரியாது. பால்டிக் கரையோரக் காயலில் மீன் பிடித்துப் பிழைத்தவன். சாகும்வரை இதை ஒரே மாதிரிதான் சொன்னான். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் அவன் மகள் அம்மை கண்டு இறந்தாள். ஆறு வயது. பயத்தில் சொந்தக்காரர் ஒருவரும் வாசல் மிதிக்கவில்லை. தெற்கிலிருந்து கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல வந்திருந்த ஆயர் வெரின் மட்டும் வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். கல்லாய் உறைந்துகிடந்த மண்ணைத் தனியாளாகத் தோண்டினார். பிள்ளையைத் தன் மேலங்கியில் சுற்றிக் குழியில் இறக்கினார். ‘என் சாமியைக் கும்பிடு’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால்தான், காயலில் பனிக்கட்டி உருகியதும் அவர் தன்னை அக்கரைக்குக் கொண்டுபோய் விடச் சொன்னபோது துல்னேயால் மறுக்க முடியவில்லை.

"அது தெய்வக்காடு சாமி. வெளியாள் கால் வெச்சா விட மாட்டாங்க."

"அவங்களும் மனுஷங்கதானே? பேசிப் பார்க்கிறேன். நீ கரையில நில்லு. போயிடாதே."

"நிக்கிறேன் சாமி."

நிற்கவில்லை.

உச்சிப்பொழுதில் காட்டுக்குள் கொம்பு ஊதியது. பிறகு கூச்சல். பிறகு ஒரே ஒரு தடவை அவர் குரல்... "துல்னே!"

துல்னே படகைத் தள்ளிவிட்டான்.

இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் துடுப்பை எடுத்தான். மனைவி நாமேதா குறுக்கே வந்து நின்றாள்.

"ஏய்யா, பிள்ளையத்தான் பறிகொடுத்தாச்சு. உன்னையும் குடுத்துட்டு நான் யார் மூஞ்சியப் பாத்து அழ?"

"எலும்பாவது கொண்டுவரணும் நாமேதா. நம்ம பிள்ளையப் பொதைச்ச மனுஷன். நீ உங்க அண்ணன் வீட்டுல போய் இரு."

அக்கரையைத் தொட்டபோது சூரியன் அடிவானத்துக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் இருந்தது. காயல் முழுக்க மூடுபனி. கரையில் யாரும் இல்லை. கூப்பிட்டான். பதில் இல்லை. காட்டுக்குள் போகக் கால் வரவில்லை. மணலில் உட்கார்ந்து அழுதான்.

சூரியன் இரண்டு விரலுக்கு இறங்கியது. படகைத் தண்ணீரில் தள்ளி ஏறினான். துடுப்புப் போடுகிறவனுக்குப் படகின் முன்பக்கம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பத்துத் தடவை வலித்திருப்பான்.

முதுகுக்குப் பின்னால் பலகை கிறீச்சிட்டது.

யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல. ஆனால் படகு அந்தப் பக்கம் தாழவில்லை.

"சாமி?"

"ம்."

அவர் குரலேதான். துல்னேக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பயத்தால் அல்ல. வெட்கத்தால்.

"ஓடிப்போயிட்டேன் சாமி."

"தெரியும்."

துடுப்பு... சளப்... சளப்...

அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு உயரமான மனிதர். உட்கார்ந்தாலும் குரல் தலைக்கு மேலிருந்துதான் வர வேண்டும்.

கீழேயிருந்து வந்தது. மடி உயரத்திலிருந்து.

"படுத்திருக்கீங்களா சாமி?"

"உக்காந்திருக்கேன்."

சொட்... சொட்... பலகையில் ஏதோ விழுந்துகொண்டிருந்தது.

"உன் துறைக்குப் போகாதே. தெற்கே திருப்பு."

"ஏன் சாமி?"

"திருப்பு."

திருப்பினான். சூரியன் மறைந்தது.

"ரொம்ப வலிச்சுதா சாமி?"

சளப்... சளப்...

"உன் பேரைச் சொன்னப்போ மட்டும்."

படகு மணலில் இடித்தது.

திரும்பினான்.

யாரும் இல்லை.

பலகை நனைந்திருந்தது. தொட்டான். பிசுபிசுத்தது.

துல்னே தன் துறைக்கு அப்புறம் திரும்பவே இல்லை. நாமேதாவை அழைத்துக்கொண்டு தெற்கே போனான். பதினோரு வருடம் கழித்து, ஒரு சந்தையில் கிளாண்டே என்கிற அக்கரைக்காரன் அவனை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க சாமி செத்த மூணாம் நாள் சாயங்காலம் உன் துறையில நாலு பேர் கோடாலியோட காத்துக்கிட்டு இருந்தோம். நானும் ஒருத்தன்."

"நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு யார் சொன்னது?"

"அவர்தான். எவ்வளவு அடிச்சும் வாயத் திறக்கல. கடைசி அடி விழறப்போ தன்னையறியாம உன் பேரைக் கூப்பிட்டுட்டாரு. கூப்பிட்டுட்டு, ஐயோன்னு வாயப் பொத்திக்கிட்டாரு. அந்தப் பேரை வெச்சுத்தான் உன் வீட்டத் தேடிப் பிடிச்சோம்."

துல்னே கையை இழுத்துக்கொண்டான்.

"அவர் காட்டுக்கு வந்த அன்னிக்கே உச்சிப்பொழுதுல முடிச்சுட்டோம்," என்றான் கிளாண்டே. "உடம்பை மரத்தடியில போட்டுட்டு, தலையக் கம்பத்துல குத்தி வெச்சோம். உன் துறையில விடிய விடியக் காத்திருந்துட்டு மறுநாள் திரும்பிப் போனா... உடம்பைக் காணோம். கம்பமும் காலி."

"நாய் நரி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"அப்படித்தான் நாங்களும் நெனச்சோம். மணல்ல ஒரே ஆளோட காலடி இருந்துச்சு. மரத்தடியிலேர்ந்து கம்பத்துக்கு. கம்பத்துலேர்ந்து தண்ணிக்கு."