ரெஜினா வாங்கிய பெட்டி

மாமனாரின் ஆம்ப்ளிஃபையரை எரித்தவன் நான். பழியை என் மனைவி தலையில் போட்டவனும் நான்தான்.

அவள் வாங்கிய மலிவுப் பெட்டியால் எரிந்தது என்று சொன்னேன். பொய்! அது நல்ல பெட்டி. வீட்டுப் பாட்டு செட்டுக்கு, கரெண்டைச் சீராக்கிக் கொடுக்கிற பவர் கண்டிஷனர் எதை வாங்கலாம் என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தால் என்னை நம்பாதீர்கள். அவள் கடையில் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள்.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையரை அவர் மகன்களுக்குத் தரவில்லை. "இவதான் பொறுப்பா வச்சிப்பா" என்று ரெஜினாவிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ரெட்டியார்பாளையத்திலிருந்து நேராக முத்தியால்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சாப்பாட்டுக்குக்கூட எழுப்ப முடியாது.

எங்கள் தெருவில் கரெண்டுக்கு ஒழுங்கு கிடையாது. ஒருநாள் பல்பு மங்கி வழியும், மறுநாள் கண்ணைக் குத்தும். பெட்டி வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எந்தப் பெட்டி என்பதில்தான்!

எனக்கு வெளிநாட்டுப் பெட்டிதான் வேண்டும். ஏன்? என்னோடு பாட்டுக் கேட்கும் நண்பர்கள் வீட்டில் அதுதான் இருந்தது. அதன் முன்பக்கம் பார்க்க அழகாக இருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை.

ரெஜினா பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறவள். நேரு வீதிக் கடையில் அவள்தான் பேசினாள்.

"ஹை வோல்டேஜ் வந்தா இது கட் பண்ணுமா? இல்ல சும்மா லைட்டு மட்டும் எரியுமா?"

"லைட்டும் எரியும் மேடம், கட்டும் பண்ணும்."

"பண்ணிக் காட்டுங்க."

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் பெட்டியைச் சோதனை மேசையில் மாட்டி, ஒரு குமிழைத் திருகி வோல்டேஜை ஏற்றினார். டக்! பெட்டி அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் செட்டின் பின்னால் போட்டிருந்த வாட்ஸை மனப்பாடமாகச் சொல்லி, தாங்குமா என்று கேட்டாள். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"அப்ப வேலைக்காவாது மேடம். மொதல்ல எர்த்த சரி பண்ணிட்டு அப்பறம் இத மாட்டுங்க."

நான் வெளிநாட்டுப் பெட்டியைக் காட்டினேன்.

"அது கரெண்ட்ல வர்ற இரைச்சல மட்டும்தான் எடுக்கும் சார். ஹை வோல்டேஜ் வந்தா கட் ஆவாது."

ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டிங்களா?"

அவ்வளவுதான் சொன்னாள். வேற்றாள் முன்னால் தோற்றேன். அந்தச் சாம்பல் நிறத் தகரப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தவனும் நான்தான்.

நண்பர்கள் வந்தார்கள். ஒருவன் காதைச் சாய்த்துக் கேட்டான். "பெட்டி பாட்டோட கழுத்த நெரிக்கிதுப்பா. பேஸே வரல. யாரு, மேடம் செலக்சனா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பெட்டியிலிருந்து பிடுங்கிச் சுவரில் நேராகச் செருகினேன். சத்தம் மாறியதா? இல்லை! மயிரளவும் மாறவில்லை. ஆனாலும் மாறியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியில் சிடி பிளேயர் மட்டும் மிச்சம். ஒயரெல்லாம் அலமாரிக்குப் பின்னால். அவளுக்கு எப்படித் தெரியும்? பச்சை விளக்கு எரிகிற பெட்டியைத் தினமும் துடைத்துவைத்தாள்...

ஒரு மழை நாள். பிற்பகலில் கரெண்ட் போயிருந்தது. அவள் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். கரெண்ட் திரும்பி வந்தது, வெறிபிடித்த மாதிரி வந்தது. விசிறி அலறியது. டக்! பெட்டி அணைந்தது. சிடி பிளேயர் பிழைத்தது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை கிளம்பியது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன். அவள் படி இறங்கி வருவதற்குள் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் செருகினேன். ஒயரைப் பழையபடி அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

"என்னங்க, பொக வாடை?"

"உன் பெட்டி கிழிச்ச கிழிய வந்து பாரு!"

"கட் ஆயிருக்கே... செவப்பு எரியிதே..."

"எல்லாம் எரிஞ்சப்பறம் கட் ஆயி என்னா பிரயோஜனம்?"

"அப்ப சிடி பிளேயர் மட்டும் எப்டிங்க நல்லாருக்கு?"

சரியான கேள்வி. கணக்கு டீச்சர் கேட்கிற கேள்வி.

"அது சின்ன மெஷினு. ஒண்ணும் தெரியாம பேசாத, வாய மூடு!"

மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். செத்துப்போன ஆம்ப்ளிஃபையரின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சல்லிசா கெடைக்கிதுன்னு வாங்கிட்டியாம்மா?" என்றார். அவள் தலை குனிந்து நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்... வாயில் என்ன வைத்திருந்தேன்?

அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினார். தன் வீட்டிலேயே ஒரு சின்ன செட் வாங்கி வைத்துக்கொண்டார். ரெஜினா மிக்சி வாங்கக்கூடக் கடைக்குள் பேசுவதில்லை. "நீங்களே பாத்து எடுங்க. என் கை ராசியில்லாத கை" என்கிறாள். கடைக்காரரையே பண்ணிக் காட்டச் சொன்னவள்!

நண்பர்களைத் திட்டினேன். மின்சாரத் துறையைத் திட்டினேன். மழையைக்கூடத் திட்டினேன். பிளக்கை மாற்றிச் செருகியது அவர்களில் யார்? சொல்லுங்கள்!

இன்னும் கேவலம் இருக்கிறது. கேளுங்கள்.

போன மாதம் மாமனார் சொன்னார்: "மாப்ள, என் செட்டுக்கு ஒரு பெட்டி வேணும். நீயே பாத்து வாங்கு. அவள அனுப்பாத." அவள் காதில் விழத்தான் சொன்னார்.

அதே கடைக்குப் போனேன். "மேடம் வரலியா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். அதே பெட்டியை வாங்கினேன். வேறு எதை வாங்குவது? நல்லது அதுதானே! இப்போது கறுப்புத் தகட்டில் வருகிறது. கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்ததைக் கடை வாசலிலேயே நகத்தால் சுரண்டி எறிந்தேன்.

மாமனார் வீட்டில் மாட்டிக் கொடுத்ததும் அவர் என் தோளைத் தட்டினார். "வாங்கினா இப்டி வாங்கணும். மெர்சி மாப்ள!" பட்டாளத்தில் பழகிய பிரெஞ்சு நன்றி அது. ரெஜினா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். பசை ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"இது கட் பண்ணுமாங்க?"

"பண்ணும்."

"பண்ணிக் காட்டினாங்களா?"

பெட்டி வந்த அட்டையை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

நேற்று ரெட்டியார்பாளையத்தில் இடி, மழை. மாமனார் போன் செய்தார். ரெஜினாதான் எடுத்தாள். அவர் குரல் எனக்கு இங்கே கேட்டது.

"டிவி போச்சும்மா! செட்டு மட்டும் பொழச்சிக்கிச்சி. பெட்டி டக்குனு கட் ஆயிடிச்சி. உன் புருஷன் வாங்கினது! இனிமேலாவது அவன் பேச்ச கேளு."

"சரி, பப்பா."

போனை என்னிடம் நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

வாங்கிக்கொண்டேன். "மெர்சி மாப்ள!" என்றார் மாமனார். அவள் என் எதிரிலேயே நின்றாள், நகரவில்லை.

"இருக்கட்டும் மாமா" என்றேன்.