நேக்கட் லைட்

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ரோட்டோரப் பலகைகளைப் பார்த்தே இங்கிலீஷ் கற்று, இன்று ஜொகூர் முழுக்க லாரிகளை ஓடவிடுகிற முதலாளியாக, இங்கத்துப் பேச்சில் ‘தவுக்கே’யாக, இருக்கிறேன். எதற்கும் அசராத என்னையே ஓட வைத்தவர், லாயாங் லாயாங் பக்கம் ஒரு கேஸ் கிடங்கில் காவலுக்கு இருந்த ஜாகா.

ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். நான் சிலிண்டர் ஏற்றப் போன மாலையில், கிடங்கின் பல்புகளுக்கெல்லாம் பழைய கைலித் துணியில் உறை தைத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஓர் உறை சூட்டில் கருகத் தொடங்கியிருந்தது.

“என்னய்யா, பல்புக்கெல்லாம் கல்யாணமா?” என்றேன்.

அவர் சிரிக்காமல் சுவர்ப் பலகையைக் காட்டினார். ‘நோ நேக்கட் லைட்ஸ்’ என்றிருந்தது.

“நேக்கட்னா அம்மணம்தானே, தவுக்கே? லைட்டு அம்மணமா இருக்கக்கூடாதாம்.”

“அலமாக்! பல்பு இல்லய்யா, திறந்த நெருப்பு! தீக்குச்சி, சிகரெட்டு, அதைத்தான் சொல்றான். துணிய மொதல்ல கழட்டுங்க!”

“ஓ, நெருப்பா?” என்று தலையாட்டியவர், யோசித்தபடியே சிகரெட்டை வாயில் வைத்து, இரண்டு கைக்குள் குச்சியைக் கிழித்தார்.

“யோவ்!”

“மூடித்தானே வச்சிருக்கேன், தவுக்கே.”

சரக்கு ஏற்றாமலே லாரியை வெளியே எடுக்க என் டிரைவரிடம் சொன்னேன். வாசலிலிருந்தே கிடங்கு மேனேஜருக்குப் போன் அடித்து நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். “அவரா? போர்டுல உள்ளத அப்படியே செய்வாரு லா. நல்ல ஆளு.”

திரும்பிப் பார்த்தேன். ஜாகா எனக்கு மரியாதையாகக் கையசைத்தார். மறு கை, சிகரெட்டின் முனையைக் காற்றுப் படாமல் பொத்தியிருந்தது.