மஞ்சள் பட்ட சீட்டு

நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமக்களின் பெயரைப் படிக்குமுன் அட்டையை விரலால் வளைத்துப் பார்த்தேன். நல்ல கனம், எட்டுச் சீட்டுகளாவது வெட்டலாம். பிறகுதான் மூலையிலிருந்த மஞ்சளின் வாசனை எட்டியது. கீழே வைத்துவிட்டேன்.

மேசையில் வைத்து ஆடும் ஆட்டங்களை உருவாக்குவது என் தொழில். கல்லூரி வேலையை விட்டு இதில் இறங்கியபோது, ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவுக்கு இதை விளக்க என் முனைவர் பட்டம் போதவில்லை. என் மனைவி சரோஜா ஒரே வரியில் முடித்தாள்: "இவரு தாயக்கட்டை கம்பெனிங்க." அதன்பின் ஒருவரும் கேட்கவில்லை.

மாதிரிச் சீட்டுகளைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளில்தான் வெட்டுவோம். ஓர் ஆட்டத்தில் அவள் வென்றுகொண்டே இருந்தாள். விதிகளில் எங்கே ஓட்டை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். சீட்டின் முதுகில் மஞ்சள் பட்ட இடங்களை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்; என் கையிலிருப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். "ஸ்வல்ப மோந்து பாருங்க சார்," என்றாள். கேலி செய்யும்போது மட்டும் நான் அவளுக்குச் சார்.

அவளைப்போல் இரக்கமற்ற சோதனையாளர் எனக்கு வாய்த்ததில்லை. எந்த ஆட்டத்தையும் மூளையே இல்லாமல் வெல்ல ஒரு வழி கண்டுபிடிப்பாள், நான் திருத்துவேன், மறுபடி ஆடுவோம். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போனால் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போவாள். எங்கள் வீட்டில் பாராட்டு அதுதான்.

நகரப் பேருந்துகளை வைத்து நான் செய்த ஆட்டத்தை ஒரே முறை ஆடினாள். சீட்டுகளை அடுக்கி வைத்து, "நல்லாருக்குங்க," என்றாள். அன்று மாலை நான் மைசூர்பாகு வாங்கிவந்தேன்.

ஆட்டத்தை வெளியிடவிருந்த பதிப்பாளரின் வீட்டுப் பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே ஓட்டையைக் கண்டார்கள்: டிப்போவை விட்டுப் பேருந்தை எடுக்காதவரே வெல்கிறார். சரோஜாவின் கண்ணுக்குத் தப்பக்கூடியதல்ல அது. வீடு திரும்பிக் கேட்டேன்.

"அன்னிக்கே பாத்தேன். சொன்னா இன்னொரு ஆட்டம் ஆடணுமே. உக்கார முடியலீங்க."

மறுநாள் மருத்துவரிடம் போனோம். முன்பே வந்திருக்கலாம் என்பதை அவர் மிகவும் மென்மையாகச் சொன்னார்.

ஓட்டையை அடைத்தேன், ஆட்டம் வெளிவந்தது. பெட்டியை அவள் பார்க்கவில்லை. மாதிரிச் சீட்டுகள் இப்போது அச்சகத்திலிருந்தே வருகின்றன. வாசனை கிடையாது, எல்லா மூலையும் ஒன்றுபோல். தொம்மலூரில் ஒரு காபிக் கடையில் எனக்காக ஆடிப் பார்க்கும் இளைஞர்கள் பண்பானவர்கள். எதைக் கொடுத்தாலும், "நல்லா இருக்கு சார்," என்கிறார்கள். சொல்பவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று.