சித்தப்பாவின் எவர்சில்வர் பானை

சின்னம்மாவைக் கலியாணம் முடித்து எங்கள் கோப்பாய் வீட்டோடு வந்து சேர்ந்தபோது சித்தப்பாவின் ஒரு கையில் பெட்டியும் மறுகையில் எவர்சில்வர் பானையும் இருந்தன. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை கட்டிய வேட்டியோடு வந்தால் போதும். இவரோ பானையோடு வந்தார். சிதம்பரத்துக்குப் போன அவருடைய தாயார் வாங்கிவந்ததாம். இறக்குமதித் தடையால் இந்தியச் சாமான்கள் எங்கள் பக்கம் கண்ணில் படாமல் போயிருந்த காலம் அது. அயலட்டையெல்லாம் வந்து அதில் முகம் பார்த்துவிட்டுப் போனது. "மாஸ்டர் சமைச்சுப் போடத்தான் வந்திருக்கிறார் போலை" என்று என்னைப் பெற்ற ஐயா ஒரே ஒரு தரம் சொன்னார். ஐயாவின் குத்தலான பகிடிக்கு ஒரு தரமே போதும். அன்று முழுக்கச் சித்தப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை.

சித்தப்பா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். வீட்டில் அவருடைய பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள், எட்டு வயதுப் பெண்ணான நான். ஒருநாள் ஆணியை எடுத்து அம்மாவின் அலுமினியச் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தார், பளிச்சென்று விழுந்தது. தன் பானையிலும் இழுத்தார். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"பார்த்தியே பிள்ளை, அலுமினியம் மெதுமையானது. பாரமில்லை, கெதியாச் சூடேறும், அதெல்லாம் சரி. ஆனால் புளி பட்டால் அரிச்சுப்போடும். இது எந்தப் புளிக்கும் அசையாது."

நான் படித்ததை உடனே செய்து பார்க்கிற ஆள். பொழுதுபடுவதற்குள் அம்மாவின் சட்டிகள் எல்லாவற்றிலும் என் பெயரை எழுதி முடித்துவிட்டேன். அடி எனக்கு விழுந்தது. அம்மாவின் முறைப்பு சித்தப்பாவுக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவதென்று முடிவானது. கூழுக்குப் புளி விடவேண்டும் அல்லவா, சித்தப்பா சும்மா இருப்பாரா?

"அக்கா, இண்டைக்குக் கூழ் நான் காய்ச்சிறன். என்ரை பானையிலை" என்றார்.

அம்மா ஐயாவைப் பார்த்தார். ஐயா வெற்றிலையை மென்றபடி "காய்ச்சட்டுமே" என்றார். சின்னம்மாவின் முகம் வெளிறிவிட்டது. தன் புருசனுக்கு வெந்நீர் வைக்கவும் வராது என்பது அந்த வீட்டில் அவருக்கு மட்டுந்தான் தெரிந்திருந்தது.

முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினார். நண்டு, மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிந்தன. புளியையும் கரைத்த ஒடியல் மாவையும் விட்டுத் துழாவத் தொடங்கினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன்.

"அப்ப பிளேனை ஏன் சித்தப்பா அலுமினியத்திலை செய்யினம்?"

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அகப்பையை விட்டுவிட்டு நிலத்தில் பிளேன் கீறத் தொடங்கினார். மெல்லிய எவர்சில்வர், நெருப்புப் பட்ட இடத்தில் மட்டும் சூடேறிக் கருக்கிவிடும். அம்மாவின் தடித்த அலுமினியச் சட்டியென்றால் சூடு அடி முழுக்கப் பரவியிருக்கும். இது சித்தப்பாவின் புத்தகத்திலும் இருந்திருக்கும்; மனுசன் பெருமையில் மறந்துபோனார். திரும்பி வந்து துழாவியபோது கூழ் அடிப்பிடித்திருந்தது.

மணத்தை அவர் பிடித்தாரோ தெரியாது. எல்லோருடைய கையிலும் பனையோலையில் மடித்த பிளாவைக் கொடுத்து, தானே ஊற்றினார். முதல் வாயிலேயே கருகல் மூக்கில் ஏறியது. "அம்மா, இது கருகி..." என்று தொடங்கினேன், அம்மா தொடையில் நுள்ளினார், உயிர் போனது. சின்னம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் ஐயாவைப் பார்த்தோம்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஐயாவின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னேரப் பஸ்ஸில் தன் ஊரான நெல்லியடிக்கே போய்விடுவார் என்று பட்டது. எனக்கு அவர் வேண்டும். என் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

ஐயா பிளாவை வழித்துக் குடித்துவிட்டு நீட்டினார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

அன்றுவரை 'மாஸ்டர்' என்றே அழைத்தவர். இரண்டாவதையும் குடித்தார், மூன்றாவதுக்கும் நீட்டினார். பிறகு அம்மா நீட்டினார், சின்னம்மா நீட்டினார். கடைசியாகத்தான் சித்தப்பா தனக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். அப்படியே நிறுத்திவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருடைய கண் இரண்டும் நிறைந்துவிட்டன.

"உறைக்குதே சித்தப்பா?"

அவர் வாய் திறக்குமுன் ஐயா முந்திக்கொண்டார். "ஓம், கொஞ்சம் உறைப்புக் கூடத்தான். ஓடிப்போய்ச் சித்தப்பாவுக்குப் பனங்கட்டி எடுத்துக்கொண்டு வா."

நான் ஓடினேன். ஐயாவுக்கு மூக்கு அடைத்திருக்கிறது என்று ஓடும்போது நினைத்துக்கொண்டேன். அவரும் ஒரு காலத்தில் பெட்டியோடு அந்த வீட்டு வாசற்படலையில் வந்து நின்ற மாப்பிள்ளைதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஐயா அந்த வீட்டிலேயே பிறந்தவர் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.