கீரிமலைக்குக் கொண்டுபோன எண்ணெயில் வெந்த டயர்

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை உடுவிலிலிருந்து காங்கேசன்துறைக்குப் போனேன். காரணம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் கிண்ணம். எங்கள் கிணற்றுக்குள் இறங்கும் பம்புக் குழாயின் அடிவாயில் இருந்துகொண்டு, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிப்பது அதுதான். அது கிழிந்துவிட்டது.

இந்த 1974இல் வெளிநாட்டுச் சாமானைக் கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். பழைய டயரில் வெட்டிப் போட்டால் விறைத்து நின்றது. டியூபில் வெட்டிப் போட்டால் தொய்ந்தது. மிளகாய்க் கன்றுகள் பூக்கிற நேரம். என் கணவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, துலா மிதித்துத் தண்ணீர் இறைக்க வேறு ஆளில்லை. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் தோட்டமும் போய்விடும், வருடச் சாப்பாடும் போய்விடும். காங்கேசன்துறையில் டயரை அவித்து ரப்பர் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னபோது, அவிக்க அது என்ன மரவள்ளிக்கிழங்கா என்று கேட்டவள் நான். கேட்டுவிட்டுப் போனேன்.

சுன்னாகத்தில் காலை ஆறரை ரயில், மூன்றாம் வகுப்பு, நாற்பது சதம். பையில் கிழிந்த கிண்ணமும், கீரிமலைச் சிவனுக்கு நேர்ந்துவைத்த ஒரு போத்தல் இலுப்பெண்ணெயும். வேலை முடிந்ததும் இரண்டு மைல் நடந்துபோய்க் கோயில் விளக்குக்குக் கொடுப்பதாக எண்ணம்.

பட்டறை கடற்கரைப் பக்கம். நடத்துகிறவர் இராசு அண்ணை. கடற்றொழில் குடும்பம். தங்கள் வள்ளத்து எஞ்சினுக்கு ரப்பர் கிடைக்காமல் இதைத் தொடங்கினாராம். நல்ல வாய்க்காரர். டயர் செய்யும்போது ரப்பருக்குக் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள், கந்தகம் ரப்பரை இறுக்கிக் கட்டிப்போடுகிறது, அதனால்தான் பழைய டயர் உருகாது, கருகும் என்றார். “அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டா அது திரும்பவும் பச்சை ரப்பர் மாதிரித்தான், தங்கச்சி.”

டயர்த்தூளில் எண்ணெயைப் பிசறி, இறுக்கி மூடிய இரும்புச் சட்டியில் நீராவிச் சூட்டில் நாலு மணித்தியாலம் வைப்பார்களாம். என்ன எண்ணெய் என்று கேட்டேன்.

“சுறாநெய்.”

எங்கள் வீட்டில் மீன், மச்சம் ஒன்றும் புழங்குவதில்லை. “அண்ணை, அந்தக் கிணத்துத் தண்ணியிலைதான் நாங்கள் சமைக்கிறது. வேறை எண்ணெய் விடேலாதோ?”

“விடலாம். ஆனா நான் விட்டுப் பாத்ததில்லை. பிழைச்சா எல்லாம் கருகிப்போம். பிறகு என்னை ஏசிப் பேசக் கூடாது.”

அவருடைய மனைவி தங்கமணி என் பையைப் பார்த்தார். “உந்தப் போத்திலுக்கை என்ன?”

சொன்னேன். நேர்ந்த எண்ணெய். சிவனுக்கு என்ன பதில் சொல்வது? மறுபக்கம் கன்றுகள் கண்ணுக்குள் நின்றன. போத்தலை நீட்டினேன்.

“பிழைச்சா பேசுவன், அண்ணை. ஆனா விடுங்கோ.”

அந்த நாலு மணித்தியாலமும் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சட்டியைத் திறந்தபோது கறுப்புத் தூள் தூளாகத்தான் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. இராசு அண்ணை அதை இரண்டு இரும்பு உருளைகளுக்கு இடையில் போட்டார். உருளையைச் சுற்றும் ஒரு கைபிடியைத் தங்கமணி பிடித்தார், மற்றதை நான். முதல் சுற்றில் உதிர்ந்தது. இரண்டாவதில் ஒட்டியது. பிறகு, இடியப்பத்துக்குக் குழைத்த மா மாதிரி, பளபளவென்று ஒரே தகடாக இறங்கிவந்தது. தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, மெதுமெதுப்பு. எத்தனை வருடம் எந்த லொறிக்குக் கீழே ஓடித் தேய்ந்த டயரோ, என் விரல் பட்ட இடத்தில் குழிந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை, உண்மையைச் சொன்னால் என்ன.

கந்தகம் கலந்து, அச்சில் வைத்து, திரும்பச் சூடாக்கிக் கிண்ணமாக எடுத்தார்கள். கூலி மூன்று ரூபாய். கீரிமலைக்கு வெறுங்கையோடு போய், கேணியில் கால் நனைத்து, சிவனை நேரே பார்க்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிய கிண்ணத்தைப் பூட்டிப் பம்பை முடுக்கினோம். தண்ணீர் ஏறியது, நின்றது, வாய்க்காலில் ஓடியது. கணவருக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னப்பா, தண்ணி கோயில் மணக்குது?”

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: காலை ரயிலிலேயே போங்கள், பழைய கிண்ணத்தை அளவுக்குக் கொண்டுபோங்கள், சோறு கட்டிக்கொண்டு போங்கள். சைவக்காரர் என்றால் சட்டி ஏறுமுன்னமே சொல்லிவிடுங்கள். இலுப்பெண்ணெய் மட்டும் இரண்டு போத்தலாகக் கொண்டுபோங்கள், ஒன்று சட்டிக்கு, ஒன்று சிவனுக்கு. அடுத்த திங்கட்கிழமை நான் இரண்டு போத்தலோடுதான் போனேன். பழைய கடனுக்கும் சேர்த்து இரண்டையும் சிவனுக்கே கொடுத்தேன்.